கே2-வின் உயரம் தெரிந்தது, காலடியில் ஓடும் ஆறு தெரியவில்லை

1856-ஆம் ஆண்டு தாமஸ் மாண்ட்கோமரி என்ற நில அளவையாளர் காஷ்மீரின் ஹராமுக் மலைமேல் ஏறி நின்று வடகிழக்கே பார்த்தார். இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இரண்டு சிகரங்கள் மற்றவற்றை மீறி நின்றன. காரகோரம் என்ற அந்த மலைத்தொடரின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை வைத்துக் கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். கே1-க்கு மஷெர்ப்ரும் என்ற உள்ளூர்ப் பெயர் இருந்தது பிறகு தெரிந்தது. கே2-க்கு அந்தக் குறியே பெயராக நிலைத்துவிட்டது. உலகின் இரண்டாவது உயரமான சிகரம் அதுதான், 8,611 மீட்டர். பக்கத்தில்கூடப் போகாமல், சில ஆண்டுகளுக்குள்ளேயே, இன்றைய எண்ணிலிருந்து அதிகம் விலகாத ஒரு உயரத்தை அதற்குக் கணக்கிட்டுவிட்டார்கள்.

அதே சிகரத்தின் வடக்கு அடிவாரத்துக்கு அப்பால் சக்ஸ்கம் என்றொரு ஆறு ஓடுகிறது. இன்று சீனாவின் ஆட்சியில் இருப்பதும் இந்தியா தனதென்று கோருவதுமான பள்ளத்தாக்கு அது. அதன் பெரும்பகுதி 1937 வரை வரைபடத்தில் வெறும் வெள்ளையாகத்தான் கிடந்தது. உச்சி தெரிந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்துத்தான் அடிவாரத்து ஆறு தெரிந்தது.

இது ஏன் என்று புரிந்துகொண்டால், மலைநிலத்தைப் படமாக வரைவது எப்படிப்பட்ட வேலை என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். பள்ளிப் புவியியலில் தலப்படம் என்றும், பேச்சில் டோப்போ ஷீட் என்றும் சொல்கிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சாதாரண வரைபடம் எது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தலப்படம் நிலத்தின் மேடு பள்ளத்தையும் சேர்த்துச் சொல்லும்.

முதலில் உச்சியை அளந்த கதை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அந்தப் பக்கத்தின் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் போதும், மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பக்கத்தை அடித்தளமாக வைத்து அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று நாடு முழுக்கக் கட்டிக்கொண்டே போகலாம். தரையில் சங்கிலி வைத்து அளக்க வேண்டியது அந்த முதல் பக்கத்தை மட்டும்தான். இந்தியாவில் அந்தப் பெரிய முக்கோண வலைக்கான முதல் பக்கத்தை வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் அளந்தார். பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே சுமார் 12 கி.மீ. வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்பதால் அதற்கு நிழல் கட்டி, வெப்பமானி வைத்து, நீட்சியைக் கழித்துக் கழித்து அளந்தார்கள். கோணம் அளக்க அவர் கொண்டுபோன தியோடலைட் ஏறக்குறைய அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் உட்கார்ந்து அதைச் சரிசெய்து மீண்டும் வேலையைத் தொடர்ந்தார். அங்கிருந்து கிளம்பிய முக்கோணங்கள்தாம் அரை நூற்றாண்டு கழித்துக் காஷ்மீரை எட்டின.

இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஒரு சிகரத்தைக் குறிபார்த்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அதை நோக்கிக் கருவி எவ்வளவு நிமிர்கிறது என்ற கோணத்தை எடுத்தால் உயரமும் வந்துவிடும். ஆனால் நேர்க்கணக்கு போதாது. பூமி உருண்டை என்பதால், 200 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு பொருள் நம் கிடைமட்டப் பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 3,100 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். அதோடு, மலைக்காற்றில் ஒளி வளைந்து வருவதால் சிகரம் இருப்பதைவிடச் சற்று மேலே தெரியும். இந்த இரண்டையும் திருத்திய பிறகே கே2-வுக்கு எண் கிடைத்தது. காகிதத்தில் இவ்வளவு பெரிய திருத்தத்தைப் போட்டும் விடை சரியாக வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்த முறைக்குத் தேவையான ஒரே ஒன்று, அளக்க வேண்டிய இடம் கண்ணில் படுவது. சிகரம் படும். அதன் பின்னால் உள்ள பள்ளத்தாக்கு படாது. ஆறு எப்போதும் பள்ளத்தின் அடியில் ஓடுகிறது, அதைப் பார்க்க அங்கேயே போய்த்தான் ஆக வேண்டும்.

அப்படிப் போனவர்கள் கையில் இருந்தது சமதள மேசை. முக்காலிமேல் ஒரு பலகை, அதன்மேல் ஒட்டிய தாள், குறிபார்க்க ஒரு அளவுகோல். முன்பே இடம் தெரிந்த சிகரங்களைக் குறிபார்த்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ‘நான் இங்கே நிற்கிறேன்’ என்று குறிப்பார்கள். பிறகு சுற்றிலும் தெரியும் முகடு, பனியாறு (பள்ளத்தாக்கில் மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனித்திரள்), ஓடை ஒவ்வொன்றையும் அங்கேயே, கண்முன் வைத்துக்கொண்டே வரைவார்கள். 1861-இல் காட்வின்-ஆஸ்டின் என்ற அளவையாளர் இப்படித்தான் கே2-வின் தெற்கே உள்ள பால்ட்டோரோ பனியாற்றை வரைந்தார். விரல் மரத்துப்போகும் குளிரில் பென்சிலால் நுண்ணிய கோடு போடுவது எப்படிப்பட்ட வேலையென்று யோசித்துப் பாருங்கள். பயணத் தலைவர்களின் பெயர் பனியாறுகளுக்கு வைக்கப்பட்டது. வரைந்தவர்களில் பலர் அடிக்குறிப்போடு நின்றுவிட்டார்கள். 1926-இல் அளவைத் துறை அதிகாரி கென்னத் மேசனோடு சக்ஸ்கமுக்குப் போன அஃப்ராஸ் குல் கான், 1939-இல் மலையேறி எரிக் ஷிப்டனோடு காரகோரத்துக்குப் போன ஃபஸல் இலாஹி, இனாயத் கான் ஆகியோர் இந்திய அளவைத் துறையின் தேர்ந்த அளவையாளர்கள். காரகோரத்தின் பல தாள்கள் இவர்கள் கைப்பட வந்தவை.

இனி அந்தத் தாளில் மேடு பள்ளம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். கோயில் குளத்தில் தண்ணீர் வற்றும்போது, ஒவ்வொரு படியாக வெளியே தெரியும். ஒவ்வொரு படியின் விளிம்பும் குளத்தைச் சுற்றிவரும் ஒரே மட்டத்துக் கோடு. மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் தெரியும் அல்லவா? சமஉயரக் கோடு என்பது அதுதான். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளையெல்லாம் இணைத்தால் ஒரு கோடு. 40 மீட்டர் மேலே இன்னொரு கோடு. அதற்கு 40 மீட்டர் மேலே அடுத்தது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு.

எண் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1:50,000 அளவுள்ள தாளில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. கே2-வின் வடக்குப் பக்கம் கிட்டத்தட்ட 3 கி.மீ. கிடைத்தூரத்தில் 3,200 மீட்டர் எழும்புகிறது. தாளில் அது 6 செ.மீ.; 40 மீட்டர் இடைவெளியானால் அந்த 6 செ.மீட்டருக்குள் 80 கோடுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதே மலையின் தெற்கே பால்ட்டோரோ பனியாற்றின் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பனியாறுகள் ஒன்றுசேரும் கன்கார்டியா என்ற இடத்திலிருந்து பனியாற்றின் முனை வரை சராசரியாகக் கிலோமீட்டருக்கு முப்பது மீட்டரை ஒட்டித்தான் இறங்குகிறது. அங்கே இரண்டு கோடுகளுக்கு நடுவே இரண்டு செ.மீட்டருக்கும் மேல் இடம் கிடைக்கும். ஒரே தாளில், ஒரு விரல் நகர்த்தலில், ஏற முடியாத சுவரும் நாள்கணக்கில் நடக்கக்கூடிய பனிப்பரப்பும் அடுத்தடுத்து இருப்பதைக் கோட்டின் நெருக்கமே சொல்லிவிடுகிறது.

பள்ளத்தாக்கைக் கடக்கும்போது சமஉயரக் கோடு ஆப்பு வடிவில் மடங்கும், ஆப்பின் கூர்முனை எப்போதும் ஆற்றின் மேற்போக்கைக் காட்டும். மலைமுதுகைக் கடக்கும்போது அதே ஆப்பு கீழ்நோக்கி இருக்கும். தொடக்கக்காரர் இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் பாதித் தாளைப் படித்துவிடலாம்.

பனியாற்றின்மேல் இதே கோடு இன்னொரு செய்தியையும் தருகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். சுவிஸ் தலப்படங்களில் மண்மேல் ஓடும் சமஉயரக் கோடு பழுப்பு, பாறைமேல் கறுப்பு, பனிமேல் நீலம். நீலக் கோடுகளை மேலிருந்து கீழாகப் பின்தொடருங்கள். பனியாற்றின் மேற்பகுதியில் அவை நடுவே மேல்நோக்கி வளைந்திருக்கும். அங்கே இரு பக்கச் சுவர்களிலிருந்தும் பனி சரிந்து விழுந்து ஓரங்களை உயர்த்துகிறது, நடுப்பகுதி தாழ்ந்திருக்கிறது. கீழே வரவர வளைவு தலைகீழாகிவிடும், நடுப்பகுதி கீழ்நோக்கிப் புடைத்திருக்கும். அங்கே பக்கத்துப் பாறையின் சூட்டில் ஓரப் பனி விரைவாக உருகுகிறது, நடுவில் பனி மேடாக மிஞ்சுகிறது. வளைவு மாறும் இடத்து உயரம் ஏறக்குறைய, அந்தப் பனியாற்றில் ஓராண்டில் சேரும் பனியும் உருகும் பனியும் சமமாகும் உயரம். களத்தில் ஆண்டுக்கணக்கில் குச்சி நட்டு அளப்பதை, ஒரு நல்ல தலப்படம் கோட்டின் வளைவிலேயே ஓரளவு காட்டிவிடுகிறது.

உச்சிகளும் கோடுகளும் ஆயிற்று. உண்மையான சிக்கல் நீர்பிரி முகட்டில் இருக்கிறது. மழையோ பனியோ இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு ஆற்றுக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் வேறொரு ஆற்றுக்குப் போகும் எல்லைக்கோடு அது. கே2 அப்படியொரு எல்லையில்தான் நிற்கிறது. அதன் தெற்கே விழும் பனி உருகி பால்ட்டோரோ வழியாகப் பிரால்டு ஆறாகி, சிந்துவில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. வடக்கே விழுவது சக்ஸ்கம் வழியாக யார்க்கண்ட் ஆற்றுக்கும், அங்கிருந்து தாரிம் படுகைக்கும் போய்ப் பாலைவனத்தில் முடிகிறது. எந்தக் கடலையும் அது பார்ப்பதில்லை. இந்த எல்லை எங்கே வளைகிறது என்று தெரியாதவரை, சிகரங்களின் உயரம் எல்லாம் தெரிந்திருந்தாலும் அந்த நிலம் நமக்குத் தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

தெரியாத இடத்தில் கற்பனை வந்து உட்கார்ந்துகொள்ளும். 1892-இல் மார்ட்டின் கான்வே என்ற மலையேறி, கே2-வுக்கு மேற்கே உள்ள ஹிஸ்பர் கணவாயைக் கடந்தபோது, பியாஃபோ பனியாற்றின் தலைப்பில் அகன்ற வெண்பரப்பு ஒன்றைக் கண்டு அதற்குப் பனி ஏரி என்று பெயரிட்டார். அதன் பரப்பு சுமார் 300 சதுர மைல் என மதிப்பிட்டார். பின்னாளில் அளந்தபோது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. பனிப்பரப்பில் மரமோ வீடோ கிடையாது, அளவு ஒப்பிட எதுவுமே இல்லை. தேர்ந்த கண்ணும் ஏமாந்துபோகும். அதே வட்டாரத்தில் வொர்க்மன் தம்பதியர் என்ற அமெரிக்க மலையேறிகள் கண்டு பெயரிட்ட கார்னிஸ் பனியாறு இன்னும் வியப்பானது. சுற்றிலும் மலை அடைத்திருப்பதால் அதற்கு வெளியேறும் வழியே இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். அளவைத் துறையில் இதை யாரும் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் பனி சேர்ந்துகொண்டே இருக்க, உருகிய நீரும் நகரும் பனியும் எங்கேயாவது போயாக வேண்டுமே? 1937-இல் ஷிப்டனின் பயணத்தில் சென்ற பில் டில்மன் என்ற மலையேறி நேரில் போய்ப் பார்த்தார். வழி இருக்கத்தான் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு முகட்டின் முனை மற்றொன்றின்மேல் படிந்து வழியை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த 1937 பயணத்தில் ஷிப்டன், டில்மன், அளவையாளர் மைக்கேல் ஸ்பெண்டர், நிலவியலாளர் ஜான் ஆடன் நால்வரும், ஆங் தார்க்கே உள்ளிட்ட ஏழு ஷெர்ப்பாக்களும் இருந்தார்கள். அவர்களுடைய கால அட்டவணையை வகுத்தது ஆறுதான். கோடை ஏறஏறப் பனியாறுகள் உருகும், சக்ஸ்கம் பெருகும், பிறகு அதைக் கால்நடையாகக் கடக்க முடியாது. எனவே வெள்ளம் வருமுன் வடகரைக்குப் போய், அங்குள்ள அகில் மலைத்தொடரை அளந்து முடித்து, வெள்ளம் வருமுன்பே திரும்பிவிட வேண்டும். மேசன் 1926-இல் வேறு திசையிலிருந்து வந்து, சக்ஸ்கமின் குறுக்கே இறங்கும் கியாகர் பனியாற்றின் பனிக்கூம்புகளைத் தாண்ட முடியாமல் தடைபட்டார். நிலத்தை அளக்கப் போனவர்களுக்கு அந்த நிலமே தடையாக நின்றது.

மேசன் கையில் புதிய கருவி ஒன்று இருந்தது: தியோடலைட்டோடு கேமரா சேர்ந்த ஒளிப்படத் தியோடலைட். அதற்கு முன்பே 1909-இல் இத்தாலியின் அப்ரூஸி கோமகனின் குழு இதே மாதிரி முறையில் பால்ட்டோரோவைப் படமெடுத்திருந்தது. அளந்த ஒரு சிறு தூரத்தின் இரு முனைகளிலிருந்தும் ஒரே காட்சியை எடுத்தால், அருகே உள்ளது இரண்டு படங்களுக்கிடையே அதிகம் நகர்ந்திருக்கும், தொலைவில் உள்ளது கொஞ்சமே நகர்ந்திருக்கும். அந்த நகர்வை அளந்தால் தூரம் கிடைக்கும். பிற்பாடு ஐரோப்பாவில் ஒரு மேசையில் உட்கார்ந்து, படச் சோடியிலிருந்து சமஉயரக் கோடுகளை இழுத்துவிடலாம். குளிரில் வரைய வேண்டிய நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கேமராவுக்கும் முகட்டின் மறுபக்கம் தெரியாது.

பனியாற்றிலிருந்து பிறக்கும் ஆறு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? நம் ஊர் ஆறு பெரும்பாலும் ஒரு கரைக்குள் ஓடும். பனியாறு பாறையை அரைத்துக் கூழாங்கல்லும் மணலும் மாவுபோன்ற வண்டலுமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவையும் சுமக்க முடியாத நீர், வழியிலேயே மேடுகளாகப் போட்டுவிட்டு, அந்த மேடுகளைச் சுற்றிப் பல கிளைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மீண்டும் பிரிந்து ஓடும். இதைப் பின்னல் ஆறு என்கிறோம். நேற்று முதன்மை ஓட்டமாக இருந்த கிளை இன்று மணலால் அடைந்திருக்கும். அதோடு, வெயிலுக்கேற்ப உருகுவதால் காலையில் கணுக்கால் அளவிருக்கும் நீர் மாலையில் இடுப்பளவுக்கு ஏறிவிடும்; மலைவாசிகளும் மலையேறிகளும் அதிகாலையில் ஆற்றைக் கடப்பது அதனால்தான். தலப்படத்தில் இதற்கு இரு கரைகளுக்கிடையே மணற்புள்ளிகளும் இரண்டு மூன்று நீலக் கோடுகளும் போட்டிருப்பார்கள். கரைகளை நம்பலாம். நீலக் கோடுகள் படமெடுத்த அன்றைய நிலை மட்டுமே.

சில சமயம் கரையையும் நம்ப முடியாது. காரகோரத்தில் பல பனியாறுகள் பல்லாண்டு சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று வேகம் பிடித்து முன்னேறும். அப்படி முன்னேறியது ஆற்றின் குறுக்கே படுத்தால் பனி அணையும் அதன் பின்னே ஏரியும் உண்டாகும். ஷியோக் ஆற்றை அடைத்த சோங் கும்டான் பனி அணை 1929 ஆகஸ்டில் உடைந்து, சிந்து வரை வெள்ளம் இறங்கியது. ஷிஷ்பர் பனியாறு 2018-இல் நகரத் தொடங்கி ஒரு ஓடையை அடைத்து ஏரியாக்கியது. அந்த ஏரி ஆண்டுதோறும் வடிந்துவந்து, 2022 மே மாதம் பெருக்கெடுத்தபோது காரகோரம் நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலம் இடிந்து விழுந்தது. 1926-இல் மேசனின் வழியை அடைத்த கியாகரும் 2014-ஐ ஒட்டி மீண்டும் பாய்ந்து சக்ஸ்கமின் குறுக்கே ஏரியை உண்டாக்கியது. எந்த ஆண்டுத் தாளைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அங்கே ஏரி இருக்கும் அல்லது இருக்காது. இரண்டும் சரியான படம்தான்.

இன்று செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறதே என்று தோன்றலாம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து, 60 மீட்டர் நீளக் கம்பத்தின் முனையில் இரண்டாவது ஆண்டெனாவை வைத்து, ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. கோட்பாடு அதே பழையதுதான்: ஒரு அடித்தளம், இரு முனைகளிலிருந்து பார்வை. மேகம் அதற்குத் தடையில்லை. ஆனால் ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் காரகோரம் போன்ற செங்குத்து மலைகளின் நிழலில் தரவு இல்லாத ஓட்டைகள் விழுந்தன. உலர்ந்த பனிக்குள் ரேடார் அலை சில மீட்டர் இறங்கித் திரும்பும் என்பதால், பனிப்பரப்பு உள்ளதைவிடத் தாழ்வாகப் பதிவானது. ஓட்டைகளைப் பிறகு வேறு தரவுகளால் அடைத்தார்கள். அடைத்த இடங்களில் சமஉயரக் கோடு இயல்புக்கு மாறாக வழுவழுப்பாக ஓடும்.

இதையெல்லாம் நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓப்பன்டோப்போமேப் என்ற இணையத் தலப்படம் இலவசம். அதில் கே2-வைத் தேடி, அங்கிருந்து முகட்டின் வழியே ஒரு கோடு இழுத்துக்கொண்டு போங்கள். விதி ஒன்றுதான், உங்கள் கோடு எந்த ஓடையையும் எந்தப் பனியாற்றின் உடலையும் குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டினால் முகட்டை விட்டு இறங்கிவிட்டீர்கள் என்று பொருள். திரும்பி வந்து வேறு முதுகில் ஏறுங்கள். மேற்கே ஹிஸ்பர் வரை இப்படிப் போய்ப் பார்த்தால், கார்னிஸுக்கு வழியில்லை என்று சொன்னவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் பிடிபடும்.

அதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் படத்தின் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டு ரேடார் தரவிலிருந்து வந்தவை. பனியாற்றின் எல்லையை வெவ்வேறு ஆண்டுகளில் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். காரகோரத்தின் பல பனியாறுகள், உலகின் மற்ற மலைகளைப் போலன்றி, பெரிதாகச் சுருங்காமல் இருந்துவந்ததால் கோடும் எல்லையும் வெவ்வேறு காலத்தவை என்ற இந்த முரண் அங்கே குறைவாகத்தான் தெரியும். ஆல்ப்ஸுக்கோ கிழக்கு இமயத்துக்கோ நகர்ந்து ஒரு பனியாற்றின் முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில இடங்களில், நீல நிறம் முடிந்து வெறும் பாறைச் சரளையும் புதிய ஏரியுமாக இருக்கும் நிலத்தின்மேலும் சமஉயரக் கோடுகள் கீழ்நோக்கிப் புடைத்து ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் புடைப்பு 2000-இல் அங்கே இருந்த பனியின் உயரம்.